ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு ஆஸ்பத்திரி, தெரபி, சான்றிதழ் என்று அலைகிற செட்டிநாட்டு வீடுகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், பொன்னமராவதிப் பக்கத்து அம்மா அப்பாக்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இது. நான் டாக்டர் இல்லை. ஆட்டிசம் உள்ள பையனை வளர்க்கிற அம்மா, அவ்வளவுதான். அவன் இப்போது என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டான். எது கோளாறு, எதற்கு என்ன மருந்து என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எங்கே போவது, என்ன கேட்பது, எதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்பதைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

இரண்டு வயதாகப் போகிறது, பேச்சு வரவில்லை. "அவன் அப்பச்சியும் மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார் அப்பத்தா. காத்திருக்கலாமா?

வேண்டாம். அப்பத்தா பொய் சொல்லவில்லை, தாமதமாகப் பேசி நன்றாக வந்தவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் பேச்சு மட்டும் தள்ளிப்போகிற பிள்ளை, வாயால் சொல்லாததைக் கையாலும் கண்ணாலும் சொல்லிவிடும். விரல் நீட்டிக் காக்காயைக் காட்டும், காட்டிவிட்டு நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். இவை இல்லாமல் பேச்சும் இல்லை என்றால் அது வேறு விஷயம்.

ஒரு வயதுக்குள் மழலைச் சத்தமோ கைகாட்டலோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் சொந்தமாக இரண்டு சொல் சேர்த்துச் சொல்லவில்லை, அல்லது வந்துகொண்டிருந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனது என்றால் உடனே காட்டுங்கள். எம்-சாட் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கானது, ஆமாம் இல்லை என்று சொல்லக்கூடிய 20 கேள்விகள். குழந்தை டாக்டரிடம் போய் "எம்-சாட் பார்த்துச் சொல்லுங்க சார்" என்று நீங்களே கேட்கலாம், தப்பாக நினைக்க மாட்டார்கள். அதில் தேறவில்லை என்றாலே ஆட்டிசம் என்று ஆகிவிடாது, அடுத்த கட்டம் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

காத்திருந்து, பிறகு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் சந்தோஷம்தான். ஆனால் காத்திருந்து, பிறகு இருக்கிறது என்று தெரிந்தால், மூளை வேகமாகக் கற்றுக்கொள்கிற வருடங்கள் போயிருக்கும். இன்னொன்று, ஆட்டிசம் என்று உறுதியாவதற்கு முன்பே பேச்சுப் பயிற்சியை ஆரம்பிக்கலாம். முடிவு தெரிந்த பிறகுதான் தெரபி என்று எந்த விதியும் கிடையாது.

மொபைல் கொடுத்ததால்தான் வந்தது என்று எல்லோரும் என்னைத்தான் குற்றம் சொல்கிறார்கள்.

மொபைலால் ஆட்டிசம் வராது. நீங்கள் கொஞ்சாததாலும் வராது, வேலைக்குப் போனதாலும் வராது. பெரும்பங்கு மரபணுவில் இருக்கிறது, கருவிலேயே மூளை வளர்கிற விதத்தில் ஏற்படுவது. தடுப்பூசியாலும் வராது, எம்எம்ஆர் ஊசியைக் குற்றம் சாட்டி 1998-ல் வந்த கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்காக மொபைலை நாள் முழுக்கக் கையில் கொடுக்கலாம் என்று சொல்லவில்லை. திரையைப் பார்க்கிற நேரமெல்லாம் ஆளோடு பேசாத நேரம், பேச்சுக்குத் திணறுகிற பிள்ளைக்கு அந்த நஷ்டம் கூடுதல். குறையுங்கள். குற்ற உணர்ச்சியை முதலில் குறையுங்கள்.

சரி, முதலில் எங்கே போவது?

உங்கள் வழக்கமான குழந்தை டாக்டரிடம். அவரிடம் காதுப் பரிசோதனைக்கு எழுதி வாங்குங்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்காமல் மேலே போகக் கூடாது. "டிவி சத்தத்துக்கு ஓடி வர்றானே" என்பது பரிசோதனை ஆகாது. சின்னப் பிள்ளைக்கு பெரா என்ற சோதனை செய்வார்கள், தூங்க வைத்துத்தான் எடுப்பார்கள். அதனால் முதல் நாள் இரவு தாமதமாகத் தூங்க வையுங்கள், பஸ்ஸில் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் திரும்பி வருவது பிள்ளை தூங்காததால்தான்.

காசு செலவு செய்ய முடியாது, அல்லது அரசு வழியாகவே போக வேண்டும் என்றால் அங்கன்வாடியிலிருந்தே ஆரம்பிக்கலாம். 2013 முதல் ஆர்.பி.எஸ்.கே. என்ற திட்டம் நடக்கிறது. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். வளர்ச்சியில் தாமதம் தெரிந்தால் மாவட்டத்தில் இருக்கிற ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே குழந்தை டாக்டர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எல்லா நாளும் எல்லோரும் இருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். குழு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை, நீங்களே நேராகப் போகலாம்.

எங்கள் ஊர் எந்த மாவட்ட மையத்துக்குச் சேரும்?

செட்டிநாடு ஒன்றுதான் என்றாலும் அரசுக் கணக்கில் இரண்டு மாவட்டம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், திருப்பத்தூர் எல்லாம் சிவகங்கை; பொன்னமராவதி, ராயவரம், அரிமளம் பக்கம் புதுக்கோட்டை. வைத்தியத்துக்கு யாரும் மாவட்டம் கேட்க மாட்டார்கள், எந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். ஆனால் சான்றிதழ், உதவித்தொகை, பள்ளி வழியாக வரும் சேவை எல்லாம் ஆதாரில் இருக்கிற முகவரிப்படிதான். பூர்வீக வீடு ராயவரத்தில், குடியிருப்பது காரைக்குடியில், ஆதார் சென்னையில் என்று இருக்கிற குடும்பங்கள் நம் பக்கம் ஏராளம். முதலில் பிள்ளையின் ஆதாரை நீங்கள் நிஜமாகவே இருக்கிற ஊருக்கு மாற்றுங்கள்.

ஆட்டிசம் என்று யார் சொன்னால் செல்லும்? ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எடுப்பார்களா?

ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது. பிள்ளை வளர்ச்சி டாக்டர், குழந்தை நரம்பியல் டாக்டர், மனநல டாக்டர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியோரில் ஒருவரோ ஒரு குழுவோ பிள்ளை விளையாடுவதைப் பார்த்து, உங்களிடம் நிறையக் கேட்டு, அளவுகோல் வைத்து முடிவு செய்வார்கள். பத்து நிமிடத்தில் பார்த்து எழுதிக் கொடுத்தால் இன்னொரு இடத்திலும் காட்டுங்கள்.

வலிப்பு வந்திருந்தால், அல்லது கற்றதெல்லாம் மறந்துகொண்டே போனால் இஇஜி (மூளையின் மின் அலையைப் பார்க்கிற சோதனை), எம்ஆர்ஐ ஸ்கேன் எழுதுவார்கள், அது சரி. ஒரு காரணமும் சொல்லாமல் எல்லாப் பிள்ளைக்கும் எம்ஆர்ஐ எழுதுகிற இடத்தில், "இதில் என்ன தெரிந்தால் வைத்தியம் மாறும்?" என்று கேளுங்கள். மரபணுப் பரிசோதனை விலை அதிகம். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள், சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள், வீட்டில் வேறு யாருக்காவது வளர்ச்சிக் குறைபாடு இருப்பவர்கள் டாக்டரிடம் அதைப் பற்றிப் பேசலாம்.

அப்புறம், கைக்குழந்தை ஒன்று வீட்டில் இருந்தால் அதன் மேலும் ஒரு கண் இருக்கட்டும். 2024-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தம்பி தங்கைகளில் சுமார் 20 சதவீதம் பேருக்கு ஆட்டிசம் இருந்தது. பயப்படச் சொல்லவில்லை, சீக்கிரம் பார்த்துவிடலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த முதல் பரிசோதனைக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்?

வீடியோ. இதுதான் ரொம்ப முக்கியம், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. புது இடத்தில் பிள்ளை ஒன்று அழும், இல்லையென்றால் மூலையில் போய் நிற்கும். டாக்டர் பார்க்கிறது வேறு பிள்ளை. வீட்டில் சாப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, கூப்பிடும்போது, அடம் பிடிக்கும்போது சின்னச் சின்னதாக எடுத்து வையுங்கள். பிறந்தபோது அழுததா, எத்தனை கிலோ, மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைத்தார்களா, எப்போது உட்கார்ந்தது, எப்போது நடந்தது என்று ஒரு தாளில் எழுதி, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, பெரா ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். இந்த ஃபைல் இனி வருடக்கணக்கில் உங்களோடு வரும். ஒரு டாக்டர் எழுதியது இன்னொரு டாக்டருக்குத் தானாகப் போய்ச் சேராது, தெரபிஸ்ட் சொல்வது ஸ்கூலுக்குத் தெரியாது, நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

பெரிய இடத்தில் காட்ட வேண்டுமா? வேலூர் போகவா, சென்னை போகவா?

ஒரு தடவை போய் வருவது நல்லதுதான். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் பிள்ளையோடு பெற்றோரும் சில வாரம் தங்கிப் பயிற்சி பெறுகிற ஏற்பாடு உண்டு. சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது, செலவு குறைவு. பக்கத்தில் என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, திருச்சி, தஞ்சாவூர் எல்லாம் இருக்கின்றன.

நான் பார்த்தவரை இங்கே நடக்கிற தப்பு ஒன்றுதான். வருடத்துக்கு ஒரு ஊர், ஒரு பெரிய டாக்டர் என்று ஊர் ஊராகப் போய் ஒவ்வோர் இடத்திலும் அதே பரிசோதனையைப் புதிதாகச் செய்துகொண்டு வருவார்கள், வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் நடக்காது. ஆட்டிசத்தில் பரிசோதனை கொஞ்சம்தான், தினப்படி வேலைதான் அதிகம். மதிப்பீட்டுக்கும் சில மாதத்துக்கு ஒரு முறை திரும்பக் காட்டவும் தூரத்து ஊர், வாராவாரம் நடக்கிற பயிற்சிக்குப் பக்கத்து ஊர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியில் தெரபி சுமார்தான், மதுரைக்கு வாரம் இரண்டு முறை போகலாமா?

போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், நடுவில் முக்கால் மணி நேரத் தெரபி. காலையில் இருட்டோடு எழுப்பிய பிள்ளை அங்கே போய்ச் சேரும்போது களைத்து, வாந்தி எடுத்து, பசியில் இருக்கும். அந்த முக்கால் மணி நேரத்தில் என்ன கற்றுக்கொள்ளும்? கூடவே அம்மாவின் ஒரு நாள் சம்பளம், வீட்டில் இருக்கிற இன்னொரு பிள்ளையின் மதியச் சாப்பாடு. சில மாதத்தில் நின்றுபோகிற ஏற்பாடு இது. நிற்காமல் தொடர்ந்து நடக்கிற சுமாரான தெரபி அதைவிட எவ்வளவோ மேல்.

பக்கத்திலேயே தேடுங்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்று தனித் துறை இருக்கிறது, பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் வேண்டும் என்று அங்கே போய் விசாரிக்கலாம். ஊருக்குள் போகிற சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, மாற்றுத்திறனாளிக்கும் கூட வருகிறவருக்கும்கூட டிக்கெட் இல்லை. அப்பாவோ ஐயாவோ கூட்டிப்போகிற நாளில் பிள்ளையின் மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டுங்கள்.

நல்ல தெரபிஸ்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பேச்சுப் பயிற்சியாளர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சிறப்பாசிரியர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், கோபப்பட்டால் வேறு இடம் பாருங்கள். அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்தக் கவுன்சிலின் கீழ் வருவதில்லை, அவரிடம் பட்டம் என்ன என்று கேளுங்கள்.

அதைவிடப் பெரிய சோதனை கதவு. உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிற இடம் வேண்டாம். முதல் சில நாள் பிள்ளை பழகுவதற்காக வெளியே இருக்கச் சொல்லலாம், எப்போதுமே அப்படி என்றால் சரியில்லை. உள்ளே என்ன நடந்தது, வீட்டில் இந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும், அதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் செய்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், சிறப்புப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஊழியர்கள் வீட்டுக்கு வந்து பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தே பிள்ளைகள் பெற்றோரோடு கலந்து பழகுவது கூடியிருக்கிறது. நம்மைப் போன்ற ஊர்களுக்கு அந்தச் செய்தி போதும்.

இலக்கு எழுதித் தருகிறார்களா என்று பாருங்கள். "கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்றோம்" என்பது இலக்கு இல்லை. "மூன்று மாதத்தில் தண்ணீர் வேண்டும் என்பதைப் படத்தைக் காட்டியோ சொல்லியோ கேட்பான்" என்பது இலக்கு. ஆறு மாதத்தில் நார்மல் ஆக்கிவிடுவோம் என்று சொல்கிற இடத்திலிருந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அடிக்கிற, கட்டி வைக்கிற, இருட்டறையில் விடுகிற இடம் தெரபி இடமே இல்லை.

வீட்டுப் பயிற்சி என்றதும் மேஜை நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்று நினைக்காதீர்கள். வெள்ளைப் பணியாரம் பிள்ளைக்குப் பிடிக்கும் என்றால் முழுத்தட்டையும் முன்னால் வைக்காமல் ஒன்று கொடுத்துவிட்டு நிறுத்துங்கள், அது கையை நீட்டியோ உங்களைப் பார்த்தோ ஒரு சத்தம் கொடுத்தோ கேட்கட்டும், கேட்டதும் அடுத்தது. வளவில் பெரிய குடும்பமாக இருக்கிற வீடுகளில் இது சுலபமும்தான் கஷ்டமும்தான். சொல்லிக்கொடுக்க ஆள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்பே ஆயா ஓடிவந்து ஊட்டிவிடுவார். வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்து ஒரு தடவை விளக்கிவிடுவது நல்லது.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தினது மாதிரி ஆகிவிடாதா?

சான்றிதழ் உங்கள் பீரோவில் இருக்கும், தெருவில் ஒட்டப் போவதில்லை. வேண்டிய இடத்தில் காட்டலாம், வேண்டாத இடத்தில் காட்ட வேண்டாம். வாங்காமல் இருந்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். 2016-ம் வருடச் சட்டத்தில் இருக்கிற 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை, தேர்வில் கூடுதல் நேரம், காப்பீடு, வரிச்சலுகை எல்லாவற்றுக்கும் வழி. வருமான வரி கட்டுகிறவர்கள் பழைய வரிமுறையில் இருந்தால் 80டிடி பிரிவில் வரி போடுகிற வருமானத்திலிருந்து 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. இதற்கு பில் காட்டத் தேவையில்லை.

அதை எப்படி வாங்குவது?

யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். பிறகு அரசு மருத்துவமனை மருத்துவக் குழுவிடம் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும். எந்தக் கிழமை உட்காருவார்கள் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். அலைக்கழித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள், மறுவாரமே போன் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டிசத்தை அளக்க இசா என்ற இந்திய அளவுகோலை வைத்திருக்கிறார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது.

இங்கேதான் நம் வீட்டுப் பெருமை காலை வாரிவிடும். "சாப்பிடுவானா?" என்றால் "நல்லா சாப்பிடுவான் மேடம்." "சொன்னா கேப்பானா?" "எல்லாம் கேப்பான்." யாரோ ஒருவர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வராது, எனக்குப் புரிகிறது. ஆனால் ஊட்டினால்தான் சாப்பிடுவான், மூன்றே ஐட்டம்தான் சாப்பிடுவான், தனியாக விட்டால் கேட்டைத் திறந்து ஓடிவிடுவான் என்பதையெல்லாம் சொல்லாவிட்டால் மதிப்பெண் குறையும். உங்கள் உதவி இல்லாமல் பிள்ளை என்ன செய்யும் என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் சொல்லுங்கள். சின்ன வயதில் கொடுக்கிற சான்றிதழ் தற்காலிகம்தான். எந்தத் தேதிவரை செல்லும் என்று பார்த்து, முடிவதற்கு முன்பே புதுப்பியுங்கள்.

தெரபி செலவுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்கிற சிகிச்சைக்கானது, வாராவாரத் தெரபிக்கு அதை நம்பாதீர்கள். நிராமயா என்று ஒன்று இருக்கிறது, நம் பக்கம் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன் கீழ் வருகிற ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமான காப்பீடு. வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. முன்கூட்டியே இருக்கிற நோய் என்று தட்டிக்கழிக்க முடியாது, மருத்துவப் பரிசோதனையும் கிடையாது, வெளிநோயாளிச் செலவு, தெரபி, பல் வைத்தியம் எல்லாம் உட்பிரிவு வரம்போடு வரும். நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகு பில் அனுப்பித் திரும்ப வாங்குகிற முறை.

பில்லில் தேதி, பதிவு எண், என்ன தெரபி என்பது தெளிவாக இருக்க வேண்டும், துண்டுச் சீட்டு செல்லாது. பில்களைச் சேர்த்து வைத்துத் தீபாவளிக்கு அனுப்பலாம் என்று இருந்துவிடாதீர்கள், தாமதமானால் தள்ளிவிடுவார்கள். வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் மாநில அரசு தருகிறது. உங்கள் பிள்ளையின் சான்றிதழ் எந்தப் பிரிவில், எத்தனை சதவீதத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தது, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள்.

மருந்து கொடுத்தால் சரியாகுமா? மருந்தே வேண்டாம் என்று மாமியார் சொல்கிறார்.

ஆட்டிசத்தைப் போக்குகிற மருந்து எதுவும் இல்லை. கடுமையான கோபம், தன்னையே அடித்துக்கொள்வது, தூக்கமே இல்லாதது, வலிப்பு, ஓயாத ஓட்டம் ஆகியவற்றுக்கு மருந்து உண்டு, சில பிள்ளைகளுக்கு அது பெரிய நிம்மதி. ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் இரண்டும் அதிகம் எழுதப்படுகிறவை. ரிஸ்பெரிடோனில் பசி கூடும், எடை ஏறும், அதனால் மாதா மாதம் எடை பாருங்கள். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அதிலும் வலிப்பு மருந்தை நிறுத்தவே கூடாது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று கையைக் கடிக்கிறது, தலையை முட்டுகிறது என்றால் மனநல மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால் காது, பல், தொண்டை, வயிறு பாருங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்? ஒரு வாரமாக வெளிக்குப் போகவில்லை என்பதுகூடக் காரணமாக இருக்கும்.

வசம்பு தடவலாமா? தாயத்து? ஸ்டெம் செல் போட்டால் பேச்சு வரும் என்கிறார்களே?

குன்றக்குடியில் மொட்டை போடுவதோ பிள்ளையார்பட்டியில் நேர்ந்துகொள்வதோ யாருக்கும் கெடுதல் இல்லை, உங்களுக்கும் ஒரு தெம்பு. ஆனால் கோயிலுக்கும் தெரபிக்கும் நாள் மோதினால் தெரபிக்குப் போங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. வசம்பை நாக்கில் தேய்த்தால் பேச்சு வராது, அளவு கூடினால் வாந்திதான் வரும். சூடு வைப்பது கொடுமை, யார் சொன்னாலும் விடாதீர்கள். பற்பம், செந்தூரம் என்று எது கொடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள், அவற்றில் பாதரசம், ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

ஸ்டெம் செல் விஷயத்தில் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியமே 2022-ல் சொல்லிவிட்டது. லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள், நகையை அடகு வைத்துவிட்டுப் போய் வந்த வீடுகள் இருக்கின்றன. பால், கோதுமையை நிறுத்தச் சொல்கிற உணவுமுறைக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. ஏற்கெனவே இடியாப்பமும் பாலும் மட்டும் சாப்பிடுகிற பிள்ளையிடமிருந்து பாலைப் பிடுங்கினால் என்ன மிஞ்சும்?

பள்ளிக்கூடத்தில் என்ன சேவை கிடைக்கும்?

ஒவ்வொரு வட்டாரத்திலும் கல்வித் துறையின் வட்டார வள மையம் இருக்கிறது. அங்கே சிறப்பாசிரியர், பிசியோதெரபிஸ்ட் இருப்பார்கள், 18 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடத்துவார்கள், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிற ஏற்பாடும் உண்டு. தனியார் பள்ளியில் படிக்கிற பிள்ளையாக இருந்தாலும் முகாமுக்குப் போய் விசாரியுங்கள். குறைபாடு என்பதற்காகச் சேர்க்க மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், பேச்சும் கொஞ்சம் இறங்கிவரும்.

ஊருக்குத் தெரிந்தால் அக்காவுக்கு மாப்பிள்ளை அமையாது என்று வீட்டில் மறைக்கிறார்கள். உள்ளூர் ஆஸ்பத்திரிக்கே போக விடவில்லை.

இது உண்மையான பயம், சும்மா "தைரியமாக இருங்கள்" என்று சொல்லித் தள்ள எனக்கு மனமில்லை. பங்காளி, தாயபிள்ளை எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர்கள் இவை. ஆனாலும் பிள்ளை வளர வளர மறைக்க முடியாது, மறைத்த வருடங்களில் சேவை எதுவும் கிடைத்திருக்காது. எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். டாக்டர், பள்ளி, கூடவே இருக்கிற நாலு பேருக்குத் தெரிந்தால் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-ல் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். அப்படியென்றால் ஒரு பெரிய கல்யாணப் பந்தியில் உங்களைப் போல இன்னும் சில வீடு உட்கார்ந்திருக்கிறது, அவர்களும் வாயைத் திறக்காமல்தான் சாப்பிடுகிறார்கள்.

காய்ச்சல், பல்வலி என்று சாதாரண வைத்தியத்துக்குக் கூட்டிப்போவதே போராட்டமாக இருக்கிறது.

முதல் டோக்கனோ கடைசி டோக்கனோ கேட்டு வாங்குங்கள். காத்திருக்கிற நேரம் பஸ் ஸ்டாண்ட் மாதிரி இருக்கிற ஹாலில் வேண்டாம், வெளியே ஆட்டோவில் உட்கார்ந்து, முறை வரும்போது போன் செய்யச் சொல்லுங்கள். கேட்டால் பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். ஸ்டெதாஸ்கோப், டார்ச், வாயைத் திறப்பது எல்லாவற்றையும் வீட்டில் விளையாட்டாகப் பழக்குங்கள். பல் டாக்டரிடம் வலி வருவதற்கு முன்பே இரண்டு மூன்று முறை சும்மா போய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வாருங்கள். தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள்.

அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். நான் மட்டும் தனியாக எல்லாவற்றையும் பார்க்கிறேன்.

டாக்டரைப் பார்க்கிற நேரத்தை அவருக்கு முன்பே சொல்லி வீடியோ காலில் வரச் சொல்லுங்கள், கேள்வி கேட்கிற பொறுப்பை அவரிடம் கொடுங்கள். நிராமயா பில், யூடிஐடி விண்ணப்பம் எல்லாம் ஆன்லைன் வேலை, அங்கிருந்தே அவர் செய்யலாம். பணம் அனுப்புவதோடு அவர் பங்கு முடிந்துவிட்டது என்று அவர் நினைக்க நீங்களும் இடம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் பிள்ளைக்குப் பரிசோதனை செய்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைக் கட்டாயம் கொண்டுவாருங்கள், இங்கே டாக்டருக்கு உதவும். ஆனால் சான்றிதழுக்கு இங்கே மறுபடி இசா பார்ப்பார்கள். உங்களுக்கே தூக்கம் இல்லை, அழுகை நிற்கவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள், அது டெலி-மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு இல்லை.

பையனுக்கு 17 ஆகிறது. இனி என்ன மாறும்?

குழந்தைப் பிரிவில் இனி பார்க்க மாட்டார்கள், மனநலப் பிரிவுக்கோ நரம்பியல் பிரிவுக்கோ மாற்றுவார்கள். பழைய டாக்டரிடம் ஒரு சுருக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 18 முடிந்தால் சட்டப்படி அவன் பெரியவன். சொந்தமாக முடிவு எடுக்கக்கூடிய பிள்ளை என்றால் கையெழுத்து, பாங்க் கணக்கு எல்லாம் அவனுக்கே பழக்குங்கள். முடியாது என்றால் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், பெற்றோராக இருந்தாலும் விண்ணப்பித்துத்தான் ஆக வேண்டும். இப்போதே காகிதங்களைத் தயார் செய்யுங்கள், ஏனென்றால் 18 முடிந்த மறுநாளே பாங்க் கவுண்டரில் அம்மா கையெழுத்து செல்லாது என்று சொல்லிவிடுவார்கள்.